பூட்டு யாருக்கு?



மென்பொருள் துறையில் தொழில் செய்யும் பழைய மாணவிகளின் சார்பில் பேச வந்திருக்கிறோம். நாம் எல்லோரும் கைத்தொலைபேசிச் செயலிகளைப் பாவிக்கிறோம். எம்மிற் சிலர் அவற்றை ஆக்கி விற்கவும் செய்கிறோம். மாதக்கணக்காக உழைத்து ஆக்கிய செயலி களவாகப் பிரதிசெய்யப்பட்டுக் கைமாறும்போது இழப்பது பணத்தை மட்டுமல்ல. அடுத்ததை ஆக்கும் துணிவையும்தான். ஆகவே பாதுகாப்புத் தேவை. எத்தகைய பாதுகாப்பு என்பதே கேள்வி.

2016 டிசெம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ ரன்' விளையாட்டை ஐபோனுக்கு வெளியிட்டது. முழு விளையாட்டின் விலை 9.99 அமெரிக்க டொலர். இணைய இணைப்பு இல்லாமல் அதனை விளையாட முடியாது. களவுப் பிரதியைத் தடுப்பதும் அதற்கொரு காரணமென நிறுவனத்தினர் கூறினர். காசு கொடுத்து வாங்கியவர்களோ, சுரங்க ரயிலிலும் விமானத்திலும் விளையாட முடியவில்லையே என்று குறைப்பட்டார்கள். பூட்டை உடைத்தெடுத்த பிரதியில் பூட்டு இராது. கடும்பூட்டோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவர் நேர்மையாக வாங்கியவரே.

எண்களைப் பார்க்கும்போதும் அவதானம் வேண்டும். 'மொனுமென்ட் வலி' விளையாட்டை ஆக்கிய லண்டன் நிறுவனம், அன்ட்ரொய்ட் சாதனங்களில் நிறுவப்பட்டவற்றுள் 5 வீதத்துக்கே பணம் கிடைத்ததென 2015 ஜனவரியில் அறிவித்தது. ஆனால் மிகுதி முழுவதும் களவல்ல என்றும், ஒருவரே தொலைபேசியிலும் டப்லட்டிலும் அதனை வைத்திருக்கலாம் என்றும் அவர்களே சொன்னார்கள். சாதனங்களை மட்டும் எண்ணிப் பூட்டினால் அந்த வாடிக்கையாளரும் கள்ளராகிவிடுவார்.

செயலி ஆக்கும் சகோதரிகளுக்கு நாம் சொல்வது நான்கு.

முதலாவது, தவணை கொடுங்கள். வாங்கியவர்தானா என்று சோதிக்க 2010 இல் கூகிள் தந்த முறையிலேயே, முன்னர் கிடைத்த விடையைத் தொலைபேசியிற் சேமித்து, இணைப்பில்லாத வேளையில் ஏற்கும் வசதி உண்டு. தோட்டத்து லயத்தில் சிக்னல் போனதற்காக ஒரு பிள்ளையின் பாடச் செயலி மூடிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, பணம் கட்டிய பற்றுச்சீட்டை உங்கள் சேர்வரில் சரிபாருங்கள். தொலைபேசிக்குள் இருக்கும் சோதனையை ஆறுதலாக இருந்து உடைக்கலாம். புதிய பாடங்களும் சேமிப்பும் சேர்வரிலிருந்து வருமானால் களவுப் பிரதிக்கு அவை இலகுவில் எட்டா.

மூன்றாவது, தொலைபேசி மாற்றியவர் தமது கொள்வனவை ஒரு பொத்தானை அழுத்தி மீட்கக்கூடியதாக இருக்கட்டும்.

நான்காவது, சந்தேகம் வந்தவுடன் கதவைச் சாத்தாதீர்கள். முதலில் பணிவாக ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் சொல்ல ஓர் ஆளையும் வையுங்கள்.

செயலிகளைப் பாவிக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வட்ஸ்அப் குழுவில் இலவசமாக வரும் உடைத்த செயலிக்குள் வேறென்ன ஒளிந்திருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. உங்கள் வங்கிக் கணக்கும் அதே தொலைபேசியில்தான் இருக்கிறது.

எல்லாக் களவையும் தடுக்கும் பூட்டு இதுவரை செய்யப்படவில்லை. பத்துக் கள்ளரை மறிக்கப்போய் வாங்கிய ஒருவரை வாசலில் நிறுத்தினால் நட்டம் எமக்கே. அந்தப் பத்துப் பேரிற் பலர் எப்படியும் வாங்கப் போவதில்லை. வாங்கிய ஒருவர் திரும்பி வரமாட்டார்.