புகாருக்கும் மதுரைக்கும் இடையே



ஊரையும் அடையாளத்தையும் வாழ்க்கைப் பயணத்தையும் பேசும் நூல்கள் தமிழில் பல. அவற்றுள் ஊர்ப் பெயர்களையே காண்டப் பெயர்களாகக் கொண்டது சிலப்பதிகாரம். புகார், மதுரை, வஞ்சி என 3 காண்டங்கள்; 30 காதைகள். உ. வே. சாமிநாதையர் 1892இல் அடியார்க்குநல்லார் உரையுடன் இதனைப் பதிப்பித்தார். கோவலன் கண்ணகி கதையை அறியாதவர் இவ்வவையில் இரார். அதனை விரித்தல் வேண்டா. மேடைகளில் பெரிதும் பேசப்படுவன சிலம்பும், வழக்கும், எரியுண்ட மதுரையுமே. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வழி அத்துணைப் பேசப்படுவதில்லை. ஊரை விட்டுப் பெயர்வோர் எதனை விட்டுச் செல்கின்றனர், எதனை உடன் கொண்டு செல்கின்றனர் என்பதை அவ்வழியே காட்டுகிறது.

விடியுமுன் இருவரும் புகாரினின்று வெளியேறுகின்றனர். ஒரு காதம் நடப்பதற்குள் கண்ணகிக்கு அடி நோகிறது, மூச்சு வாங்குகிறது. மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். அவள் அதுவரை மாளிகைக்கு வெளியே நடந்தறியாதவள் என்பதை இவ்வொரு வினாவே சொல்லிவிடுகிறது. கோவலன் சிரித்துக்கொண்டே, ஆறைங்காதம், அண்மையில்தான் என்கிறான். ஆறை ஐந்தால் பெருக்கினால் முப்பது காதம். ஆனால் களைத்தவள் செவியில் அது ஐந்தாறு காதம் என்றே விழும். பொய்யும் அன்று, முழு மெய்யும் அன்று. அச்சிரிப்பில் மகிழ்ச்சி இருந்திருக்க இயலாது.

அங்கேதான் கவுந்தியடிகளின் பள்ளி. மதுரையில் அறவோரிடம் அறவுரை கேட்கவும், அறிவனை வணங்கவும் அவரும் எண்ணியிருந்தார். ஆதலின் உடன் புறப்படுகிறார். வழியின் இடர்களை அவர் எடுத்துரைக்கும் பகுதி ஊன்றிப் படிக்கத்தக்கது. சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். வயல் வழியே சென்றால், நண்டும் நத்தையும் அடியில் அகப்பட்டு நசுங்கும், அத்துன்பம் தாங்கவொண்ணாதது. தம் காலுக்கு வரும் ஊறும், தம் காலால் பிற உயிர்க்கு நேரும் ஊறும் அவர் பேச்சில் அடுத்தடுத்து நிற்கின்றன. வழித்துணையாக வந்த முதியவர் பேச்சாகவே அது அமைந்திருக்கிறது. சமய விளக்கம் என்று தனியே எதுவும் இல்லை.

உறையூர்ப் புறத்தே ஒரு சோலையில் பரத்தை ஒருத்தியும் வீணன் ஒருவனும் எதிர்ப்படுகின்றனர். இவர்கள் யார் என்று கேட்கின்றனர். என் மக்கள் என்கிறார் கவுந்தியடிகள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாவதுண்டோ என்று அவர்கள் எள்ள, கண்ணகி செவி புதைத்து நடுங்குகிறாள். அடிகள் அவ்விருவரையும் முதுநரிகளாகச் சபிக்கிறார். கொல்லா நெறி பூண்டவர் சபிக்கலாமோ என்று இன்றும் கேட்போர் உண்டு, அவ்வினா நேரியதே. ஆயினும், இழித்துரைக்கப்பட்ட அவ்விருவரே அறியாமையால் நேர்ந்தது என்று இரங்கி வேண்ட, அடிகளும் சாபத்தை 12 திங்களாகக் குறைக்கிறார். வீடிழந்து வழியில் நிற்பவரிடத்தும் அருள் குன்றவில்லை.

இவர்கள் யார் என்னும் வினா பழங்கதையோடு ஒழிந்ததன்று. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படிப்பிற்கும் வேலைக்கும் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதனை நன்கறிவர். ஜைனர் என்றதும், குஜராத்தா, ராஜஸ்தானா என்று விடுதியிலும் அலுவலகத்திலும் கேட்கின்றனர். தாய்மொழி தமிழ் என்றால் வியப்பு. சிலரிடம் ஐயமும் கூட. விடை நீளும் என்று அஞ்சிப் பேச்சை மாற்றிவிடும் பிள்ளைகளும் உண்டு.

மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்முதுமகள் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார் அடிகள். இவள் கணவனின் தந்தை பெயரைக் கேட்டால் இந்நகரத்து வணிகர் விருந்தாக எதிர்கொண்டு அழைத்துச் செல்வர், அதுவரை காத்திரு என்கிறார். மறுநாள் மாதரியின் வீட்டில் நிகழ்வது சிறு செய்தி. விரைந்து படிப்போர் தாண்டிச் சென்றுவிடுவர். கோவலன் சாவக நோன்பு உடையவன், பகற்போதில் உண்பவன். ஆதலின் சமைப்பதற்குப் புதிய கலங்களைத் தாருங்கள் என்று மாதரி தன் வீட்டாரிடம் கூறுகிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, பால் எல்லாம் வருகின்றன. ஆய்ச்சிக்கு அந்நோன்பு உரியதன்று. எனினும் அதனை அறிந்து மதிக்கிறாள். செல்வம் போயிற்று, ஊர் போயிற்று, உற்றார் பின்தங்கினர். அடுப்பங்கரை ஒழுக்கம் மட்டும் முப்பது காதம் கடந்து அக்குடிசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணகி தன் கையால் சமைத்துப் படைக்கிறாள். இருவரும் சேர்ந்திருந்த இறுதிப் பகல் அதுவே. உண்டபின் சிலம்பொன்றை எடுத்துக்கொண்டு கோவலன் கடைத்தெருவுக்குச் செல்கிறான்.

பின்னர், நீ யார் என்று பாண்டியன் கேட்கிறான். முன்பு மதுரை எது என்று கேட்டவளின் விடை இப்போது வேறு. புறாவின் துயர் தீர்த்த சோழனையும், கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முதலில் சொல்கிறாள். அவர்கள் ஆண்ட புகார் தன் ஊர் என்கிறாள். அடுத்துக் கணவன் குடி, கணவன் பெயர். தன் பெயரை எல்லாவற்றிற்கும் கடைசியில் வைக்கிறாள். அடையாளத்தைச் செல்வத்தாலோ சமயப் பெயராலோ கூறவில்லை. ஓர் உயிரின் துயரை இன்னோர் உயிர் பொறாத ஊர் தன் ஊர் என்று கூறுகிறாள். விடை நீண்டதுதான், ஆனால் அவையில் ஒருவரும் குறுக்கிடவில்லை.

வஞ்சிக் காண்டத்தில் இமயத்துக் கல்லும், கங்கை நீராட்டும், கோயிலும் வருகின்றன. அவற்றிடையே மாடலன் வாய்மொழியாக ஒரு செய்தி: தன் அடைக்கலம் கெட்டதென்று மாதரி எரியில் வீழ்ந்தாள், நிகழ்ந்தது கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பேற்று உயிர் நீத்தார். என் மக்கள் என்று உறையூர்ச் சோலையில் சொன்ன சொல்லை அவர் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை.