ஊர்க் காற்றும் இரவல் அளவுகோலும்

பூக்கும் காலங்கள், காற்றைப் பிடிக்கும் பொறிகள், நுண்ணோக்கிப் படங்கள், சுவாச மருத்துவம் என்று இந்தக் கருத்தரங்கில் பல கிளைகளில் பேசவிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு கருத்தை மட்டும் வாதிட விரும்புகிறேன். ஓர் ஊருக்கான ஒவ்வாமை முன்னறிவிப்பை அந்த ஊரின் காற்றையும் நோயாளிகளையும் வைத்துத்தான் செய்ய முடியும். வெளியூர் அளவுகோலை இரவல் வாங்கிச் செய்தால் அது பஞ்சாங்கப் பலனாகவே முடியும்.

கோடையில் வரும் தும்மலுக்கும் கண்ணரிப்புக்கும் வெயில்தான் காரணம் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். நம்மவர்கள் 'பனி ஒத்துக்கொள்ளவில்லை', 'தண்ணீர் மாறிவிட்டது' என்று சொல்வதைப்போலத்தான். மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி 1873இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளில் படிந்த மகரந்தத்தை அவர் நாள்தோறும் எண்ணினார். உயரக் காற்றைப் பிடிக்கப் பட்டம்கூட விட்டார். அவரே அந்த நோய்க்காரர் என்பதால், துகள் பெருகும் நாளில் உபாதையும் பெருகுவதைத் தம் உடம்பிலேயே பார்க்க முடிந்தது. கருவியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, துகளையும் தும்மலையும் ஒரே ஊரில் ஒரே நாளில் அவர் சேர்த்துக் கணக்கிட்டது. 1952இல் ஹர்ஸ்ட் வடிவமைத்த பொறியின் வழிவந்த கருவிகள், நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சி, மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும் ஒட்டுநாடாவில் படியவைத்து, துகள் எண்ணும் முதல் பாதியை எளிதாக்கின. எண்ணைத் தும்மலோடு சேர்த்துப் பொருள் சொல்லும் இரண்டாவது பாதி அவ்வளவு எளிதாகவில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் 40 புல் மகரந்தத்துகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். பிரிட்டனில் அது 'மிதம்'. 30 முதல் 49 வரை அங்கே அப்படித்தான். அமெரிக்காவின் அளவுகோலில் 20ஐத் தொட்டாலே 'அதிகம்'. துகள் அதே 40தான். அந்தந்த நாட்டார் எல்லைக்கோட்டை எங்கே கிழித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

எண்ணிக்கை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் சான்று. அங்கே மகரந்தம் எண்ணுவது பழைய வழக்கம். இடிமழையோடு ஆஸ்துமா பெருகுவது 1980களிலேயே கவனிக்கப்பட்டிருந்தது. 2016 நவம்பர் 21 அன்று புல் மகரந்தம் கன மீட்டருக்கு 100ஐத் தாண்டியிருந்தது. வெப்பமான அந்த நாளின் மாலையில் இடிமழையின் காற்று நகரத்தின் மேல் வீசியது. அடுத்த சில மணி நேரங்களில் மூச்சுத்திணறலோடு ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் குவிந்தார்கள்; பத்துப் பேர் இறந்தார்கள். ரைகிராஸ் என்னும் மேய்ச்சல் புல்லின் துகள் மூக்கிலேயே தங்கிவிடும் அளவுக்குப் பெரியது. ஈரம் பட்டு அது வெடிக்கும்போது சிதறும் மாவுப்பொருள் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகின்றன என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை, வெறும் மூக்கொழுகல்தான். அவர்களில் இந்திய, இலங்கை, பிற ஆசிய வம்சாவளியினரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தது நம் கவனத்துக்கு உரியது. எண்ணிக்கை 100ஐத் தாண்டிய எத்தனையோ நாள்கள் அங்கே அமைதியாகக் கழிந்திருக்கின்றன. ஆகவே 2017இல் அந்நகரம் அடங்கிய விக்டோரியா மாநிலம் தொடங்கிய எச்சரிக்கை முறை, புல் மகரந்தக் கணிப்பையும் இடிமழைக் காற்றின் கணிப்பையும் சேர்த்து வட்டாரம் வட்டாரமாக அபாயத்தைச் சொல்கிறது.

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, நம் ஊர்களில் வசந்தமும் இல்லை, மகரந்தப் பருவமும் இல்லை, இங்கே ஒவ்வாமைக்கு வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிதான் முதல் காரணம் என்று ஒரு மறுப்பு வரும். தூசியைப் பற்றிய பகுதியை மறுக்க மாட்டேன். ஆனால் பருவம் இல்லை என்பது பொருந்தாது. இங்கே பருவத்தை வகுப்பது மழை. பார்த்தீனியம் ஈரம் கிடைத்தால் எந்த மாதமும் பூக்கும். அறுகும் முள்ளுக்கீரையும் மழைக்குப் பின் தழைத்துப் பூக்கும். ஆமணக்கு, சவுக்கு, சீமைக்கருவேலம் ஆகியவற்றின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதாக நம் நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மழை முன்னும் பின்னுமாக வரும் நாட்டில் தேதியைப் பார்த்துப் பருவம் சொல்ல முடியாது என்பதால், எண்ணிப் பார்க்கும் தேவை இங்கே கூடுகிறதே தவிரக் குறையவில்லை. பூஞ்சை வித்துகளும் பொறியின் அதே நாடாவில்தான் வந்து ஒட்டுகின்றன. சண்டிகரில் அப்படி எண்ணித்தான் அந்நகரத்துக்கென ஒரு மகரந்த நாள்காட்டி வகுத்தார்கள். அதைக் கொண்டுவந்து மதுரையில் மாட்டினால் பயன் இராது.

கைப்பேசிச் செயலி எந்த ஊருக்கும் நாளைய மகரந்த அளவைச் சொல்கிறதே, கூரை மேல் பொறி எதற்கு என்பது அடுத்த கேள்வி. கணினிக் கணிப்பு மதிப்புள்ளதுதான். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் மகரந்தக் கணிப்புச் சேவை அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அங்கே அந்தக் கணிப்பு சரியா தவறா என்று சொல்லத் தரையில் எண்ணும் நிலையங்கள் பரவிக் கிடக்கின்றன. அவை இல்லாத ஊரில் செயலி காட்டும் பச்சையும் சிவப்பும் யாரும் திருத்தாத விடைத்தாள். இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண நுண்ணோக்கியில் எல்லாப் புல்லின் மகரந்தமும் ஒன்றுபோல உருண்டையாகத் தெரியும். நெல்லா அறுகா என்று பிரித்தறிய முடியாது. வயலில் எது பூத்திருக்கிறது என்று போய்ப் பார்க்கும் உள்ளூர்க்காரர் சொன்னால்தான் அந்த எண்ணுக்கே பொருள் வரும். முன்னறிவிப்பு வந்தால் மக்கள் மரங்களைப் பகைப்பார்கள் என்ற அச்சத்துக்கு அதிக நேரம் தர வேண்டாம். கண்ணைக் கவரும் பூக்கள் பெரும்பாலும் பூச்சிகளை நம்பி வாழ்பவை. அவற்றின் பிசுபிசுத்த மகரந்தம் காற்றில் அதிகம் பறப்பதில்லை. எது குற்றவாளி என்று தெரியாத இடத்தில்தான் எல்லா மரத்துக்கும் கோடரி.

ஒரு பொறி ஓர் ஊர் முழுவதையும் சொல்லிவிடுமா என்ற ஐயம் இவற்றைவிடக் கனமானது. சொல்லாது. பேருந்து நிலையத்துக் காற்றும் கண்மாய்க்கரைக் காற்றும் ஒன்றல்ல. ஆனால் ஒரே இடத்தில் ஒரே உயரத்தில் ஆண்டுக்கணக்கில் எண்ணினால் ஏற்ற இறக்கத்தின் போக்கு பிடிபடும். முன்னறிவிப்புக்கு முதலில் வேண்டியது அதுதான். தாவரவியல் துறையுள்ள கல்லூரிகளின் மொட்டைமாடிகள் நம்மிடம் இருக்கின்றன. நுண்ணோக்கியில் ஒரு நாளின் நாடாவை எண்ணப் பயிற்சி பெற்ற ஒருவரின் சில மணி நேரம் போதும். கடினமானது மற்றப் பாதி: எத்தனை பேருக்கு இன்று நெபுலைசர் வைத்தார்கள் என்ற மருத்துவமனைப் பதிவேட்டின் எண், பெயர் விவரங்கள் நீக்கப்பட்டு, நாள்தோறும் அந்த மொட்டைமாடிக்கு வந்து சேர வேண்டும். தாவரவியலாரும் மருத்துவரும் வானிலையாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு நாளில், துகளையும் நோயாளிகளையும் சேர்த்துக் குறிக்கும் தாளில் எந்தெந்தப் பத்தி இருக்க வேண்டும், அதை யார் நிரப்ப வேண்டும் என்பதையாவது முடிவுசெய்யுமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.