முதற் பள்ளி ஊரே
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெறும் பிள்ளைகளை விழாக்களிற் பாராட்டுகிறோம். அரங்குக்கு வராத பிள்ளைகளைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம். கண் தெரியாத பிள்ளையும், காது கேளாத பிள்ளையும், அறிவு வளர்ச்சி தாமதித்த பிள்ளையும் ஊரின் செல்வங்களே.

இவர்களுக்குக் கல்வி நிலையங்கள் இல்லாமலில்லை. 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடக்கிய பாடசாலை இரத்மலானையில் உண்டு. கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் தோன்றியது. இவை கிறித்தவ அன்பர்கள் இட்ட வித்துக்கள். மிசன் பள்ளியிற் கற்ற நாம் இதனை நன்றியோடு சொல்கிறோம். பின்னர் எம்மவரும் முன்வந்தனர். சுன்னாகத்தில் வாழ்வகம் விழிப்புலன் இழந்தோரை அரவணைக்கிறது. கோண்டாவிலில் 2004இல் சிவபூமி பாடசாலை எழுந்தது.

ஆயினும் இவையெல்லாம் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் உள்ளவை. நாரந்தனைத் தாய் ஒருத்தி தன் பிள்ளையை விடுதியிற் சேர்த்தால் அதனைப் பிரிய வேண்டும். நாள்தோறும் கூட்டிச் சென்றால் அன்றாட உழைப்பை இழக்க வேண்டும். இரண்டும் இயலாதபோது பிள்ளை வீட்டு விறாந்தையிலேயே வளர்கிறது. நாமோ "பாவம்" என்று சொல்லிக் கடந்து போகிறோம்.

காது கேளாத பிள்ளையை ஊமை என்கிறோம். பெரும்பாலும் அதன் நாவிற் குறையில்லை. செவிவழி மொழி புகவில்லை, அவ்வளவே. மொழி வேரூன்றுவது முதல் சில ஆண்டுகளில். கேட்டற் கருவியாயினும் சைகை மொழியாயினும் அக்காலத்திற் கிடைக்க வேண்டும். ஏழு வயதிற் குறையைக் கண்டறிந்தால் நல்ல பருவம் கழிந்துவிடும். 'ஊமை கண்ட கனவு' என்பர். கனவு அப்பிள்ளைக்கும் உண்டு. அதைச் சொல்ல வழி செய்யாதவர் நாமே.

கண்ணிழந்தோர் எழுத்தைத் தந்த லூயி பிரெயில் பிரான்சில் ஒரு சிற்றூர்ப் பிள்ளை. தோற்றொழிலாளியான தந்தை பலகையில் ஆணி அறைந்து அவருக்கு எழுத்தைத் தடவிக் காட்டினார். ஊர்ப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொண்டது. பாரிஸ் நகரத்து விசேட பள்ளிக்கு அவர் சென்றது அதன் பின்னரே, 1819இல். வீடும் ஊரும் முதற் பள்ளியாயின. விசேட பள்ளி இரண்டாவதாயிற்று.

நாம் செய்யத்தக்கவை மூன்று. குடும்பநல உத்தியோகத்தரோடு வீடு வீடாகச் சென்று இப்பிள்ளைகளை அறிதல் ஒன்று. செவியும் கண்ணும் சோதிக்க யாழ்ப்பாணம் செல்லும் தாய்க்கு வாகனமும் துணையும் தருதல் இரண்டு. எமது ஊர்ப் பாடசாலைகளில் இப்பிள்ளைகளுக்கு இடமும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டுமெனத் தீவகக் கல்வி வலயத்திடம் பெற்றோரோடு சேர்ந்து கேட்டல் மூன்று. இது இரந்து கேட்பதன்று. உடற்குறை காரணமாகப் பாடசாலை அனுமதியில் வேற்றுமை காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது.

இளைஞர்களே, பணம் பின்னர் வரட்டும். வருகின்ற ஞாயிறு ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு புறப்படுவோம். பெரியோர்களே, படலையைத் திறந்து, உள்ளே இருக்கும் பிள்ளையை எமக்குக் காட்டுங்கள். மறைக்க வேண்டிய குறை எதுவும் அப்பிள்ளையிடம் இல்லை.