மாலை போட்ட கை

(திருவரங்கத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கசப்பான ஒரு விஷயத்தைப் பேசலாம்னு வந்திருக்கேன். 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழாண்டு முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேரை அன்றைய அரசு விடுதலை செய்தது. அதில் எங்க தெரு ஆள் ஒருத்தரும் இருந்தார். காந்தி மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கிட்டு திருச்சி மத்தியச் சிறை வாசலுக்குப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். காவிரிப் பாலம் தாண்டி, பறையடிச்சு, தெருவுக்குக் கூட்டியாந்தோம்.

அவர் எதுக்காக உள்ளே போனார்? பெஞ்சாதியை அடிச்சே கொன்னதுக்காக.

தெருமுனையில் அந்தப் பொண்ணோட அம்மா நின்னாங்க. பேத்தியைத் தன் முந்தானைக்குள்ள இழுத்து வச்சிருந்தாங்க. பறைச் சத்தம் கேட்டப்பதான் அவங்களுக்கு விஷயமே தெரியும். எந்த அதிகாரியும் முன்கூட்டிச் சொல்லலை. நாங்களும் சொல்லலை.

அதே அண்ணா நூற்றாண்டு விடுதலையில்தான் மேலவளவுக் கொலையாளிகள் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்த வழக்கு. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பேரால் இன்னும் 13 பேரை விட்டார்கள். செத்தவன் வீட்டைக் கேட்டீங்களான்னு தெருவில் நின்னு கத்தினோம். 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கின் குற்றவாளிகள் 11 பேரை குஜராத் அரசு விட்டபோது, கோத்ரா சிறை வாசலில் இனிப்பு ஊட்டினார்கள். காறித் துப்பினோம். 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது, சந்தோஷப்பட்டோம். எல்லாம் சரிதான். ஆனா நான் வாங்கின மாலைக்கு என்ன பேர்?

முன்விடுதலைக்கு எதையெல்லாம் பார்க்கணும்னு 2000இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்தக் குற்றம் சமூகத்தைப் பாதிக்காத தனிப்பட்ட செயலா, மறுபடி செய்ய வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் சக்தி அவனிடம் போய்விட்டதா, இனியும் உள்ளே வைப்பதில் பயனுண்டா, அவன் குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன. இதில் செத்தவள் எங்கே? அவளைப் பெத்தவள் எங்கே? பொண்டாட்டியைக் கொல்வது 'குடும்ப விவகாரம்' என்று ஊரே நினைக்கும்போது, 'தனிப்பட்ட செயல்' என்ற முதல் கேள்வியிலேயே அவன் பாஸ் ஆயிடுறான். நன்னடத்தைன்னு ஒண்ணு சொல்றாங்க. சிறைக்குள்ள அடிக்கப் பொண்டாட்டி ஏது? எங்க தெரு ஆளும் வெளியில் இருந்தப்ப யாரையும் அதிர்ந்து பேசினதில்லை. மேஸ்திரிகிட்ட கைகட்டி நிப்பார், டீக்கடையில் கடன் வைக்க மாட்டார். அவர் கை ஓங்கினது ஒரே ஒரு ஆள் மேலதான்.

சட்டத்தில் இன்னொரு ஓட்டை. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவன், குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்கணும்னு 1978இல் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இப்போது அது புதிய சட்டத்தின் 475ஆவது பிரிவு. ஆனால் வரதட்சணைச் சாவுக்கு உச்ச தண்டனையே ஆயுள்தான். ஆகவே அந்தக் குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றவனுக்கு இந்த 14 ஆண்டுக் கணக்கு கிடையாது. தவிர, ஆளுநரின் 161ஆவது பிரிவு அதிகாரத்தை 433ஏ கட்டுப்படுத்தாது. ஏழாண்டில் கதவு திறந்தது அப்படித்தான்.

நம்ம போராட்டத்தால் வந்த ஒரு நல்ல பிரிவு இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகளில் ஜாமீன், விடுதலை, பரோல் எதுவானாலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. ஆனா கொன்னவனும் தலித், செத்தவளும் தலித் என்றால் அந்தச் சட்டமே பொருந்தாது. சேரிக்குள்ள செத்த பொண்ணுக்கு அந்த உரிமையும் இல்லை. பாமா 1994இலேயே 'சங்கதி'யில் நம்ம வீட்டு அடிஉதையை எழுதிட்டாங்க. அப்ப முகம் சுளிச்ச ஆம்பளைகளில் நானும் உண்டு.

"சிறையில் அதிகம் கிடப்பது நம்ம ஆளுங்கதானே, அவங்க வெளியே வருவதை நாமே எதிர்க்கலாமா?" என்று முன்வரிசைத் தோழர் சீட்டு அனுப்பியிருக்கார். நியாயமான கேள்வி. மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாக நாம் சிறையில் இருப்பது உண்மை. பொய் வழக்கில் கிடப்பவனுக்காகவும், ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் கிடப்பவனுக்காகவும் நான் போராடுவேன். தூக்குத் தண்டனை யாருக்கும் கூடாதுன்னும் சொல்வேன். ஆனா செத்த பொண்ணும் நம்ம ஆள்தானே தோழர்? அவளை எந்தக் கணக்கில் சேர்க்கிறது?

நான் கேட்பது இதுதான். வீட்டுக்குள் கொலை செய்து தண்டனை பெற்றவர்களைத் தலைவர்கள் பிறந்தநாள் பட்டியலில் சேர்க்கக் கூடாது. சீக்கிரமே பரோல் கொடுத்து, கொலை நடந்த அதே தெருவுக்கு அனுப்பக் கூடாது. தாய் செத்துட்டான்னா காவலோடு வந்து கொள்ளி வச்சிட்டுப் போகட்டும், அதை மறுக்கலை. எதுவானாலும் முதலில் அவள் வீட்டுக்கு எழுத்தில் தகவல் போகணும், அவங்க சொல்றதைப் பதிவு செய்யணும். பிள்ளைகள் யாரிடம் வளர்கிறார்கள்னு பார்க்கணும். செத்தவளின் சொத்து கொன்னவனுக்குச் சேராது என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 25ஆவது பிரிவில் சொல்லியிருக்கு. பிள்ளைகளைக் கேட்டு அவன் வாசலில் வந்து நின்னா, அந்தப் பாட்டிதான் கோர்ட்டுக்கு அலையணும்.

எங்க தெருவில் அதுதான் நடந்தது. ஒரு மாசத்தில் அவர் பொண்ணைக் கேட்டு வந்தார். பெரியவங்களாச் சேர்ந்து, "அப்பன்தானே, அனுப்பு" என்று பஞ்சாயத்து பேசினோம். அன்னைக்கு ராத்திரியே அந்த அம்மா பேத்தியைக் கூட்டிக்கிட்டு லால்குடி பஸ் ஏறிட்டாங்க. வீட்டில் உலை அரிசி அப்படியே ஊறிக் கிடந்தது.