சுழற்காற்றின் உட்புறம்

கடலிற் பிறந்து பல நூறு மைல் அகன்று வரும் சூறாவளியை நேயர்கள் நன்கறிவர். இன்று நாம் ஆராயப்போவது அதனின் வேறானது. இடிமுகிலின் அடியிலிருந்து நிலம்வரை தொங்கிச் சுழலும் காற்றுத்தூண் அது. ஆங்கிலத்தில் டொர்னாடோ என்பர். நாம் சுழற்காற்று என்போம். பெரும்பாலும் சில நூறு அடி அகலமே உடையது. சில நிமிடங்களே நிலைப்பது. ஐக்கிய அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் இது மிகுதியாகத் தோன்றுகிறது. இதன் உள்ளே இருப்பது யாது?

உள்ளே நோக்கி உயிர் தப்பியோர் மிகச் சிலர். அவருள் ஒருவர் கன்சாஸ் மாநிலத்துக் கமக்காரரான வில் கெலர். 1928 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் நாள், குடும்பத்தாரை நிலவறைக்குள் அனுப்பிவிட்டு, அதன் வாயிலில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். நிலத்தை விட்டுச் சற்றே எழும்பிய காற்றுத்தூண் அவர் தலைக்கு நேரே வந்தது. வட்டமான வாய், 50 முதல் 100 அடி வரை விட்டம், அரை மைல் உயரத்துக்குக் குறையாத வெற்றுக் குழாய், சுழலும் முகில்களே அதன் சுவர்கள். இடையறாத மின்னல் அதனுள் ஒளி பாய்ச்சியது. கீழ் விளிம்பிற் சிறு சுழல்கள் தோன்றித் தோன்றிச் சீறிப் பிரிந்தன. 1930 இல் வானிலை ஆய்வு ஏடொன்று இவ்விவரத்தை வெளியிட்டது.

ஒருவர் கண்டதை எவ்வாறு சோதிப்பது? அதற்குத் துணைநின்றது டொப்ளர் ராடர். புகையிரதம் நெருங்குங்கால் அதன் ஊதல் ஒலி உயர்ந்தும், விலகுங்கால் தாழ்ந்தும் கேட்கிறதன்றோ? அவ்வாறே, ராடர் அனுப்பும் வானொலி அலை மழைத்துளியிலும் தூசியிலும் பட்டு மீளும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றமே காற்றின் வேகத்தைக் கூறும். 1995 இல் யோசுவா வேர்மன் என்ற அறிஞரும் அவர்தம் கூட்டத்தாரும் இக்கருவியை லொறியில் ஏற்றிச் சென்று, டெக்சாஸ் மாநிலத்தில் டிம்மிட் என்னும் ஊரருகே ஒரு சுழற்காற்றைப் படமாக்கினர். படத்திற் தெரிந்தது ஒரு வளையம். அதன் நடுவிடம் ஏறத்தாழ வெறுமை. துளிகளையும் சிதைவுகளையும் சுழற்சி வெளிப்புறம் எறிந்துவிடுகிறது. கமக்காரர் கூறிய வெற்றுக் குழாய்க்கு இப்படம் இசைந்தே நிற்கிறது.

எனினும் ராடருக்கும் ஒரு குறை உண்டு. நிலத்தையொட்டிய காற்றை அது செவ்வனே காண்பதில்லை. வீடுகள் நிற்பதோ அங்கேதான். ஆகவே ரிம் சமராஸ் என்னும் பொறியியலாளர், தட்டையான கூம்பு வடிவக் கருவிகளைச் சுழற்காற்றின் வழியில் வைத்துவிட்டு விலகினார். 2003 இல் தென் டகோட்டாவில் அவற்றுளொன்று 100 மில்லிபார் அமுக்க வீழ்ச்சியைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு, படக்கருவி பொருத்திய கூம்பு ஒன்று அயோவா மாநிலத்திற் சுழலின் அகத்திலிருந்தே படம் பிடித்தது.

2013 மே 31 ஆம் நாள், ஒக்லகோமாவின் எல் ரீனோவில், 2.6 மைல் வரை அகன்று திடீரெனத் திசைமாறிய சுழற்காற்றொன்று அவரையும், அவர் மகனையும், தோழர் ஒருவரையும் பலிகொண்டது. பெருஞ்சுழலுக்குள் விரைந்தோடும் சிறு சுழல்கள் உண்டென்பதையும், எட்ட நிற்கிறோம் என்ற கணிப்பை அவை நொடியிற் பொய்யாக்கும் என்பதையும் அந்நாள் உணர்த்திற்று.

வீட்டுச் சுவரைத் தாக்கும் காற்றின் வன்மையை அறிந்தாலன்றி, அதைத் தாங்கும் சுவரை எழுப்புதல் இயலாது. சுழற்காற்றின் உள்ளே நோக்க மனிதன் முயல்வது வெறும் வியப்பினால் அன்று.