குலவழி வரும் சிறுநீரக நோய்கள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்தலைத் தொழிலாகவுடைய யாம் நோயைப்பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும் இப்பொருள் மருத்துவர்க்கே உரியதன்று. பெண் கொடுத்துப் பெண் கொள்ளும் குடும்பத்தார் அனைவர்க்கும் உரியது.

முதுகெலும்பின் இருமருங்கும் அமைந்த சிறுநீரகங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. இரத்தத்தின் கழிவைப் பிரித்து வெளியேற்றுதல் அவற்றின் தொழில். இவ்வுறுப்பு ஓசையின்றிக் கெடுவது. பெரும்பகுதி பழுதுற்ற பின்னரே உடம்பிற் குறிகள் தோன்றும். ஆதலின் குடும்பத்தின் நோய் வரலாறே பலர்க்கு முதல் எச்சரிக்கையாகின்றது.

கல்லடைப்பு நோய் குறைவாக நீர் பருகுவதாலும், வெப்பத்தாலும், உப்பு மிகுதியாலும் வருமென்பது நாம் அறிந்ததே. எனினும் நெருங்கிய உறவினர்க்குக் கல் இருந்தால், ஒருவர்க்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகின்றது. சில கற்களோ நேரே பிறப்புவழி வருவன. 1810ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் வொல்லாஸ்டன் சிறுநீர்ப்பைக் கல்லொன்றை ஆராய்ந்து, பின்னர்ச் சிஸ்டின் எனப் பெயர்பெற்ற பொருளைக் கண்டார். அப்பொருள் சிறுநீரில் மிகுதியாகக் கழியும் குறையைப் பிறவிக் குறைகளுள் ஒன்றாக மருத்துவர் காரட் 1908இல் இலண்டனில் விளக்கினார். கல்லீரலில் ஒரு நொதி குறைவதால் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுந்து, இளமையிலேயே சிறுநீரகத்தை அழிக்கும் நோயும் ஒன்றுண்டு.

இவை பெரும்பாலும் மறைந்து வருவன. தாய், தந்தை இருவரும் நலமுடையராகவே தோன்றுவர். ஆனால் இருவரிடத்தும் ஒரே குறை மறைந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் தம் மரபுக்கூறுகளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பொதுவாக உடையர். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு உடையர். உறவு நெருங்க நெருங்க, மறைந்த குறைகள் இரண்டும் ஒன்றுசேரும் வாய்ப்பு மிகும். உறவில் மணந்தோர் யாவர்க்கும் தீங்கு வருமென்பது எம் கருத்தன்று. பெரும்பாலோர் நன்மக்களைப் பெற்று வாழ்கின்றனர்.

மற்றொன்று வெளிப்பட வருவது. சிறுநீரகம் முழுதும் நீர்க்கட்டிகள் நிறையும் நோய் பெற்றோருள் ஒருவர்க்கு இருந்தாலே போதும்; மகனாயினும் மகளாயினும் ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பலர்க்கு நடுவயதிற்றான் அது புலப்படும். இதற்குக் காரணமான முதல் மரபணு 1994இல் கண்டறியப்பட்டது.

இனி, யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. நோயுண்டென்று தெரிந்தால் வரன் அமையாதே என அஞ்சிப் பல வீடுகளில் இதனை மறைக்கின்றனர். மருமகள் வந்த வேளை என்று பழிப்பாரும் உளர். பிறப்புவழிக் குறை ஒருவர் செய்த குற்றமன்று, மறைத்தலே குற்றம். மறைத்ததனால் தம்பிக்கு நோயுண்டென அண்ணன் அறியான். ஆராயாது சிறுநீரகம் ஈய முன்வரும் உறவினர்க்கும் அதே நோய் உள்ளடங்கியிருத்தல் கூடும்.

ஆகவே குடும்பத்தில் இந்நோயிருப்பின் இரத்த அழுத்தம், இரத்தத்திற் கிரியாட்டினின், சிறுநீரிற் புரதம், வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்க. சிறுவர்க்குக் கல் வந்தால் அக்கல்லையும் ஆராயச் செய்க. அத்தகைய வீட்டில் உறவுக்குள் மணம் பேசுமுன் மரபியல் மருத்துவரைக் கலந்துகொள்க. கல் வரும் இயல்பினர் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் பருகுதல் நன்று. சிறுநீரகம் முன்பே தளர்ந்தவர் மருத்துவர் சொன்ன அளவே பருகுக.

நூலைப்போலச் சேலை என்பர். நூலின் இயல்பறிந்து நெய்வோன் சேலையைக் காப்பான். சாதகத்தைப் போற்றி வைக்கும் பெட்டியில், முன்னோருள் யார் எவ்வயதில் எந்நோயால் வருந்தினர் என்று எழுதிய ஏடொன்றையும் வைப்போமாக. நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் பொருள்களுள் அதுவும் ஒன்றாகும்.