மாரத்தான் என்று கேட்டு வாங்கியது

பிரிட்டனில் ஐம்பது வயதைத் தொடுகிற யாரிடமாவது 'ஸ்னிக்கர்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். "அது மாரத்தான் ஆச்சே" என்று திருத்த வாய்ப்புண்டு.

கடலை, கேரமல், நூகா, அதன்மேல் சாக்லேட். நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிற அதே ஸ்னிக்கர்ஸ்தான். அமெரிக்காவில் மார்ஸ் நிறுவனம் 1930-இல் அதை விற்க ஆரம்பித்தபோது, மார்ஸ் குடும்பத்தார் பிரியமாக வளர்த்த குதிரையின் பெயரைச் சூட்டினார்கள். 1968-இல் பிரிட்டனுக்கு வந்தபோதோ, அது மாரத்தான் ஆகிவிட்டது. 'நிக்கர்ஸ்' என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போகிறதே என்று கூசினார்களாம். நமக்கு நிக்கர் என்றால் பள்ளிக்கூடப் பையனின் அரைக்கால் சட்டை. அங்கே அது பெண்களின் உள்ளாடை. பெரியவர்கள் கூசியிருக்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்!

22 வருடம் ஓடியது மாரத்தான். 1990 ஜூலையில், உலகம் முழுக்க ஒரே பெயர் என்று கணக்குப் போட்டு, அங்கேயும் ஸ்னிக்கர்ஸ் ஆக்கிவிட்டார்கள்.

பண்டம் அதேதான். பிறகு எதற்குப் பழைய பெயர்மேல் இந்த ஏக்கம்? உள்ளங்கையில் காசை இறுக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிற பிள்ளை, வழியெல்லாம் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு போகும். இனிப்பு நாக்குக்கு வருமுன்பே பெயர் வந்துவிடுகிறது. தின்று முடிப்பதோ இரண்டு நிமிட வேலை. அந்தப் பெயரை ஒருநாள் கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டால், பிள்ளை எதைக் கேட்கும்? "அந்தக் காலத்து மாரத்தான் இதைவிடப் பெரிசு" என்று சத்தியம் செய்கிறவர்களோடு நான் வாதாட மாட்டேன். அதைப் பிடித்திருந்த கை சின்னக் கை.

ஜெர்மனியிலும் 1991-இல் இதே நிறுவனத்தின் 'ரெய்டர்' என்ற சாக்லேட், 'ட்விக்ஸ்' ஆனது. பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை என்று விளம்பரமே சொன்னது. பலகை மட்டும் மாறி, உள்ளே பழைய கதையே நடந்தால், "ரெய்டர் இப்போது ட்விக்ஸ்" என்று ஜெர்மானியர்கள் இன்றும் கேலி செய்வதுண்டு.

ஏக்கத்துக்கும் விலை உண்டு என்பது மார்ஸ் நிறுவனத்துக்குத் தெரியாதா என்ன? 2008-இலும் 2019-இலும் பழைய பெயரை உறையில் அச்சிட்டு, கொஞ்ச காலத்துக்கு மட்டும் பிரிட்டனில் விற்றது. உள்ளே இருந்தது ஸ்னிக்கர்ஸ்தான்.